பென்ஷன் வரிசையில் நின்றேன்

என் அதிகாரியம்மாவுக்கு,

நேற்று சொல்லாமல் கொள்ளாமல் உன் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். நகராட்சி ஓய்வூதிய நிதியை நீ எப்படி நிர்வகிக்கிறாய் என்று பார்க்க அல்ல. போனில் நீ வாய் ஓயாமல் புகழும் அந்தத் தணிக்கையாளரைப் பார்க்கத்தான்.

பார்த்தேன். பல் போன கிழவர், நாற்காலியில் தூங்கி வழிந்தார். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அதற்குள் காவலாளி, "பென்ஷனா? வரிசையில நில்லுங்க பெரியவரே" என்றான். போய் நின்றேன்.

எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற துப்புரவுத் தொழிலாளி ஒருவர். உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாக அவர் வைத்த கைரேகையை மெஷின் ஏற்கவில்லை. நீயே எழுந்து வந்தாய். "கையைக் குடுங்கய்யா, சூடானா எடுத்துக்கும்" என்று அவர் கையை உன் இரு கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாய். "நல்லா இரும்மா" என்று அவர் குழைந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கையை நீ அப்படிப் பிடித்து எத்தனை காலமாயிற்று! முகம் காட்டாமல் பஸ் ஏறிவிட்டேன்.

நம் ஊருக்கு மாற்றல் கேள் என்று இனி உன்னை நச்சரிக்க மாட்டேன். நானே அங்கே வந்துவிட, இன்று காலை என் வேலையில் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. ஊரே உன்னைச் சுற்றி நிற்க, நான் மட்டும் எட்ட இருப்பதாவது!

உன் வீட்டுக்காரன்