தள்ளுபடிக்காக ஒரு கடன்

மாமா,

நேற்று எதிர்வீட்டுக்காரர் புதுக் கார் எடுத்துவந்தார். கோயிலில் பூஜை முடித்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலையோடு தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார். "உள்ள உக்காந்து பாருங்க சார்" என்று கதவைத் திறந்துவிட்டார். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக்கும் புது ரப்பரும் மல்லிகைப்பூவும் கலந்த அந்த வாசனையில் எனக்கு மூச்சு முட்டியது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். "கையில முழுப் பணமும் இருந்துச்சு சார். ஆனா லோன் போட்டா இன்னும் குறைக்கிறேன்னாங்க. போட்டுட்டேன். ஆறு மாசத்துல அடைச்சுட்டா ஆச்சு."

நான் "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். லோன் யார் பேரில் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

நானும் ஒரு காலத்தில் அதே கணக்கைப் போட்டவன்தானே. சிங்கப்பூரில் சைட் சூப்பர்வைசர் வேலை, மூன்று வார லீவு, பாங்கில் கார் வாங்கும் அளவுக்குப் பணம். உங்கள் மகள் மல்லிகாவும் எங்கள் குழந்தையும் திருவிடைமருதூர் பக்கத்தில் உங்கள் வீட்டில் இருந்தார்கள். குழந்தைக்கு அடிக்கடி இளைப்பு வரும். கும்பகோணம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற நீங்கள் வீட்டில் இருக்கும்போது ஒரு கார் இருந்தால் எவ்வளவு வசதி என்று எனக்குத் தோன்றியது. நான் கார் ஓட்டக் கற்றவனில்லை. உங்களை நம்பித்தான் வாங்கினேன்.

தஞ்சாவூர் ஷோரூமில் டை கட்டிய அந்தப் பையன் முதலில் விலையைச் சொன்னான். ரொக்கமாகத் தருகிறேன் என்றதும் அவன் முகத்தில் உற்சாகம் குறைந்தது. "ரொக்கத்துக்கு இதுதான் சார் விலை. எங்க பைனான்ஸ்ல லோன் போட்டீங்கன்னா பெரிய தள்ளுபடி இருக்கு. சீட் கவர், மேட் எல்லாம் ஃப்ரீ. ஆறு தவணை கட்டிட்டு முழுசா அடைச்சிடுங்க. உங்களுக்கு லாபம்தான்." நான் அங்கேயே ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டேன். ஆறு மாத வட்டியையும், முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணத்தையும் கழித்தாலும் கையில் மிஞ்சியது. என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே ஒரு பெருமிதம்.

வெளிநாட்டில் இருப்பவன் பேரில் லோன் போட முடியாது என்றான். பென்ஷனும் சொந்த வீடும் உள்ள உங்கள் பேரில் போடலாம் என்றான். நான் உங்கள் பக்கம் திரும்பி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க மாமா" என்றேன்.

நீங்கள் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மெதுவாகத் துடைத்தீர்கள். ஒருமுறை என்னையும் ஒருமுறை அந்தப் பையனையும் பார்த்தீர்கள். பிறகு அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டீர்கள். மாதத் தவணைக்கான செக்குகளிலும் போட்டீர்கள். வெளியே வந்ததும் காப்பி சாப்பிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு, பஸ் நிலையம் இருக்கும் திசையில் நடக்க ஆரம்பித்துவிட்டீர்கள். "மாமா, நம்ம கார்ல போகலாம்" என்று நான் பின்னால் வந்து கூப்பிட வேண்டியிருந்தது. அன்றைக்கு அதை மறதி என்று நினைத்துச் சிரித்தேன்.

நான் விமானம் ஏறிய பிறகு நடந்ததெல்லாம் மல்லிகா போனில் சொல்லித்தான் தெரியும். காரைக் கீற்றுக்கொட்டகையில் நிறுத்தி, தார்ப்பாயால் மூடி, நாலு பக்கமும் கயிறு கட்டிவிட்டீர்கள். வாரத்துக்கு ஒருமுறை கொட்டகைக்குள்ளேயே எஞ்சினை ஓடவிட்டு அணைப்பதோடு சரி. குழந்தைக்கு மூச்சு இழுத்த ஒரு நாளில்கூட, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின்ரோடுவரை நடந்து ஆட்டோ பிடித்தீர்களாம்.

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப வண்டி எதுக்குடி வாங்கினோம்? உங்கப்பாவுக்கு என்ன பிடிவாதம்?" என்று கத்தினேன்.

"பிடிவாதம் இல்லைங்க, பயம்" என்றாள் மல்லிகா. "பாக்கி வச்சுக்கிட்டு ஏறி உக்காந்தா முள்ளுமேல உக்காந்த மாதிரி இருக்காம். 'அடைக்கட்டும், அப்புறம் எடுக்கிறேன்'ங்கிறாங்க."

அப்போதுதான் அந்தப் பழைய கதையைச் சொன்னாள். அவள் சின்னப்பெண்ணாக இருந்தபோது, கூட வேலைபார்த்த டிரைவர் ஒருவர் வாங்கிய கடனுக்கு நீங்கள் ஜாமீன் போட்டீர்கள். அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார். சொசைட்டியிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஜப்தி வந்தது. அண்டா, பித்தளைக் குடம், கடைசியாக அத்தையின் தையல் மெஷின். தெரு முழுக்க நின்று பார்த்திருக்கிறது. "அம்மா அதுக்கப்புறம் தைக்கவே இல்லை. அப்பா அதுக்கப்புறம் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்லை, சம்பளம் வாங்கறதைத் தவிர" என்றாள்.

ஆறு மாதம்தானே, நாலு தவணை போய்விட்டதே என்று அவளையும் என்னையும் தேற்றிக்கொண்டேன். அடுத்த மாதமே எங்கள் கம்பெனியை இழுத்து மூடினார்கள்.

ஊருக்குத் திரும்பினால் மறுபடி போக முடியாது. அங்கேயே வேறு பெர்மிட் வாங்கித் தருகிறேன் என்றான் ஒரு ஏஜென்ட். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு பணம் கேட்டான். காரின் கடனை அடைப்பதற்கென்று பாங்கில் வைத்திருந்த பணம்தான் எனக்கு இருந்த ஒரே பணம். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் படுத்துக்கிடந்தோம். யாருக்கும் வேலை இல்லை. போன் கார்டை உரசி எண்களை அழுத்தினேன்.

நீங்கள்தான் எடுத்தீர்கள். விஷயத்தைச் சொல்லி முடித்தேன். மறுமுனையில் வாசல் பம்பின் சத்தம் மட்டும் கேட்டது.

"மாமா?"

"இருக்கேன் மாப்பிள்ளை. பணத்தை எடுத்துக்குங்க. நீங்க அங்க மாட்டிக்கிட்டு நிக்கக் கூடாது."

"வண்டிக்கு..."

"வண்டி இங்கதானே நிக்குது. அதை நான் பாத்துக்கறேன். நீங்க வேளைக்குச் சாப்பிடுங்க."

பெர்மிட் வர மாதங்கள் ஆயின. அதற்குள் பணமில்லாமல் ஒரு செக் திரும்பிவிட்டது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து, வாசலில் நின்று, இனிஷியலோடு உங்கள் பேரை உரக்கக் கூப்பிட்டார்களாம். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, "உள்ள வாங்க தம்பி, மோர் சாப்பிடுங்க" என்றீர்களாம். அவர்கள் உள்ளே வரவில்லை. "ஒரு வாரத்துல கட்டலைன்னா வண்டியை எடுத்துட்டுப் போயிடுவோம் பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்குப் போய்க் கயிறுகளை அவிழ்த்தீர்கள்.

திருச்சி ஏர்போர்ட்டுக்கு அப்போது ஊருக்கு ஊர் ஆள் போய்க்கொண்டிருந்த நேரம். துபாய், மஸ்கட், சிங்கப்பூர், மலேசியா. மேட்டூர்த் தண்ணீர் சரியாக வராமல் குறுவை போய், சம்பாவும் பாதியாகிவிட்ட வருஷம் வேறு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பையன்கள் கிளம்பினார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போனீர்கள். சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டக்கூடாது என்பது முப்பது வருஷம் பஸ் ஓட்டிய உங்களுக்குத் தெரியாதா? யாராவது நிறுத்திக் கேட்டால் மருமகன் என்று சொல்லச் சொல்லிக் கற்றுக்கொடுத்தீர்களாம். "உங்கப்பாவுக்கு எத்தனை மருமகன்டி!" என்று போனில் நான் சிரிக்கப் பார்த்தேன். மல்லிகா சிரிக்கவில்லை. "பொய் சொல்லிட்டு வந்து சாப்பிடாம படுத்துடறாங்க" என்றாள்.

இடுப்பு வலியால்தான் நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதே. திருச்சி போய்த் திரும்பினால், கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் உங்களால் நடக்க முடியுமாம். பென்ஷன் தவணைக்குப் போதாது. ஆகையால் ஓட்டத்தான் வேண்டும். விற்கலாம் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ்காரன் பேர் இருந்தது. மொத்தக் கடனையும் அடைக்காமல் விற்க முடியாது. ஓட்டாமல் நிறுத்தினால் வாசலுக்கு ஆள் வரும். நான் அங்கே, பாஸ்போர்ட் இல்லாமல், ஜன்னலைத் திறந்தால் இன்னொரு கட்டடத்தின் சுவர் தெரிகிற அறையில். நீங்கள் இங்கே, அந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால். நமக்குள் பேச்சு எப்போதும் ஒன்றுதான். "எப்படி இருக்கீங்க மாமா?" "நல்லா இருக்கேன் மாப்பிள்ளை. நீங்க?" "நல்லா இருக்கேன்." இரண்டு பேருமே பொய் சொன்னோம்.

புது வேலை கிடைத்து, கையில் கொஞ்சம் சேர்ந்து, நான் வந்து இறங்கியபோது ஒன்றரை வருஷம் ஓடியிருந்தது. ஏர்போர்ட் வாசலில் ஆட்களை ஏற்ற வந்த டிரைவர்களோடு நின்றுகொண்டிருந்தீர்கள். இளைத்திருந்தீர்கள். என் பெட்டியைத் தூக்கக் குனிந்தீர்கள். நான் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாளே மல்லிகாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போனோம். பாத்திரக்கடைக்கு மேலே, மாடியில் அந்த ஆபீஸ். கடன் வாங்கியவர் நேரில் வர வேண்டும் என்றதால் நீங்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தீர்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவன் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஒழுங்காத்தானே கட்டிட்டு வர்றீங்க. பாதி தாண்டிடுச்சு. இப்ப அடைச்சா அபராதக் கட்டணம் வேற வரும். எதுக்கு சார் அவசரம்?"

நான் பதில் சொல்லுமுன் நீங்கள் சொன்னீர்கள்: "எனக்கு மூச்சு விடணும் தம்பி."

கட்டணத்தைச் சேர்த்துக் கட்டினோம். நான் துண்டுத்தாளில் போட்ட லாபத்தை வட்டி எப்போதோ தின்று தீர்த்துவிட்டிருந்தது. ரொக்கமாக வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகமே ஆகியிருந்தது. அதைப் பற்றி நீங்கள் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

கீழே இறங்கி வந்ததும் சாவியை என்னிடம் நீட்டினீர்கள். எனக்கு ஓட்டத் தெரியாதே என்று நான் விழித்தபோது, மல்லிகா குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். காலி வண்டியாகத் திரும்பி வரும் நாட்களில் அவளைக் கும்பகோணம்வரை வரச்சொல்லி, அங்கிருந்து வீடுவரை ஓட்டப் பழக்கியிருக்கிறீர்கள். லைசென்ஸும் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். என்னிடம் இருவரும் மூச்சுவிடவில்லை.

"நீங்க முன்னாடி உக்காருங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டீர்கள். "நான் எப்பவும் முன்னாடியே உக்காந்தவன். பின்னாடி எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

திருவையாறு வழியாகப் போகலாம் என்று சொன்னதும் நீங்கள்தான். ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. பாலங்களை ஒவ்வொன்றாகத் தாண்டினோம். நடவு முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும். மல்லிகா கியர் மாற்றும்போதெல்லாம் உங்கள் இடது கை தானாக முழங்கால்மேல் அசைவதைக் கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்ச தூரம் போனதும் அதுவும் நின்றுவிட்டது. ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிவிட்டீர்கள். ஊர் வரும்வரை எழுந்திருக்கவில்லை. மல்லிகா ஒரு ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினாள்.

அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடந்தபோது கேட்டேன். "அன்னைக்கு ஷோரூம்ல வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?"

நீங்கள் நின்று என்னைப் பார்த்தீர்கள். கோபம் துளியும் இல்லை. "நீங்க எங்கிட்ட எதுவும் கேக்கலையே மாப்பிள்ளை. போடுங்கன்னீங்க, போட்டேன். மாப்பிள்ளை சொன்னா நாலு பேர் முன்னாடி எப்படி மறுக்கிறது?" பிறகு, ஏதோ தவறாகச் சொல்லிவிட்டதுபோல, "அது ஒண்ணும் இல்லை, விடுங்க" என்று சொல்லி வயலில் கொக்குகள் இறங்கியிருப்பதைக் காட்டினீர்கள்.

அதன்பின் நீங்கள் நன்றாகவே இருந்தீர்கள், பல வருஷம். நீங்கள் போனபோது நானும் ஊரோடு வந்துவிட்டிருந்தேன். உங்கள் தலைமாட்டில் இருக்க முடிந்தது.

இப்போது நானும் மாமனார், மாமா. உங்கள் பேத்தியின் கணவர் நல்ல பையன், தோஹாவில் வேலை. போன மாதம் லீவில் வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மாமா, இந்த வீட்டை வித்துட்டு நீங்களும் அத்தையும் சென்னையில எங்க ஃபிளாட்டுக்கு வந்துடுங்க. வாங்கறதுக்கு ஆள்கூடப் பாத்துட்டேன்" என்றார், அவ்வளவு அன்போடு. சம்பந்தி வீட்டாரும் பந்தியில் இருந்தார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தலை தானாக அசையப் போனது. நீங்கள் அன்று எங்கே நின்றீர்கள் என்று அந்த நொடியில்தான் முழுசாகத் தெரிந்தது.

தண்ணீரை எடுத்துக் குடித்தேன். "யோசிச்சுத்தான் சொல்லணும் மாப்பிள்ளை. எனக்கு இப்ப மனசு இல்லை" என்றேன்.

அவர் ஒரு கணம் பார்த்தார். "அதுக்கென்ன மாமா, தாராளமா யோசிங்க" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையேந்தினார்.

அவ்வளவுதான் ஆயிற்று. அன்று நீங்கள் சொல்லியிருந்தால் நானும் இப்படித்தான் விட்டிருப்பேனா? விட்டிருப்பேன் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் தெரியவில்லை மாமா.