காரின் பகல் விளக்கு

புதன்கிழமை, ஆடி மாதம்.

காரை ஸ்டார்ட் செய்தாலே முன்னால் இரண்டு வெள்ளை விளக்குகள் பட்டப்பகலிலும் எரிகின்றன. டவுணில் கடை வைத்திருக்கும் கொழுந்தன் அதைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு, நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிடுகிறான். வேறு சாதியில் கட்டிக்கொண்ட மகள் சுதாவை நான் பார்க்கக் கூடாது என்பது அவுக உத்தரவு. அவளுக்கு இது நிறைமாதம்.

இன்று பேட்டை ஒர்க்ஷாப்பில் அந்த விளக்கை மட்டும் நிறுத்தித் தரச் சொன்னேன். "எதுக்குக்கா, நல்லாத்தான எரியுது?" என்று மெக்கானிக் கேட்டார். கண் கூசுகிறது என்றேன். ஒயரைக் கழற்றி டேப் சுற்றிக் கொடுத்தார்.

அங்கிருந்து நேரே சுதா வீட்டுக்குப் போனேன். வீங்கிப்போன காலைப் பிடித்துவிட்டேன். "வலி வந்தா நீ வருவியாம்மா?" என்றாள். வராமல் இருப்பேனா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவுக வாசலில் நின்றார்கள். "ஏட்டி, லைட்டு ஏன் எரியல?" ரிப்பேர் போல என்றேன். பானெட்டைத் திறந்து, புது டேப்பைத் தடவிப் பார்த்தார்கள். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இனி எங்க போணும்னாலும் நானே கொண்டு விடுதேன்" என்றார்கள். அந்தச் சட்டையோடுதான் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள்.

சுதாவிடமிருந்து இப்போது செய்தி வந்திருக்கிறது. லேசாக வலிக்கிறதாம். என்ன பதில் போடுவது என்று தெரியாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.