உன் அத்தா பொரித்த பேரிங்

கொச்சங்காடி,
மட்டாஞ்சேரி

அன்பு மகன் அனீஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அத்தாவும் உயிரோடும் சண்டையோடும் இருக்கிறோம், அங்கே குளிரில் நீயும் நிஸாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். பக்கத்து வீட்டு ஷபானா அடுத்த வாரம் டொரொண்டோ வருகிறாள், அவள் பெட்டியில் அல்வாவுக்கும் உணக்கச் செம்மீன் கருவாட்டுக்கும் நடுவில் இதை வைத்திருக்கிறேன், வாடை அடித்தால் பொறுத்துக்கொள். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், மலையாளத்தில் எழுதக் கூடாதா என்பாய், எனக்குத் திட்டுவதற்குத் தமிழ்தான் வசதி, அதனால் மெல்லப் படி.

போன நோன்புக்கு வந்தபோது நீ என்ன சொன்னாய், காது மிஷின் போடாமல் அத்தா வேனை எடுக்கக் கூடாது, மறுபடி ஏதாவது புகார் வந்தால் வேனைப் பள்ளுருத்தி நிகிலுக்கு விற்றுவிடுவேன் என்று சொன்னாய். அவரும் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். நீ விமானம் ஏறினாய், மிஷின் அலமாரி ஏறியது. நானும் விட்டுவிட்டேன், ஏனென்றால் கடையைக் கொடுத்த பிறகு அவருக்கு அந்த வேன் ஒன்றுதான் வெளியே போக வழி, பள்ளிவாசலுக்கும் ஹார்பருக்கும் கூட்டாளிகளைப் பார்க்கவும் அதில்தான் போகிறார். வேன் போய்விட்டால் அந்த மனுஷர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வாடிப் போவார், அதை என்னால் பார்க்க முடியாது. போதாததற்கு நாள் முழுக்க என் சமையலுக்கு யோசனையும் சொல்வார்.

அப்படியிருக்கும்போது பின் சக்கரத்தில் ஒரு சத்தம் வந்தது. மெல்ல ஓட்டினால் முனகல், வேகமாக ஓட்டினால் ஊளை. நான் சொன்னேன், அவர் ஒரு சத்தமும் இல்ல, உன் தலைக்குள்ளதான் சத்தம் என்றார். கொச்சங்காடி முழுக்கக் கேட்கிற சத்தம் அவர் ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை. கடைசியில் ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்லி, அவர் கையைப் பிடித்து சக்கரத்துக்குப் பக்கத்து ஸ்பிரிங் மேல் வைத்து, நான் சக்கரத்தைச் சுற்றினேன். உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி கைக்குத் தெரிந்ததும் முகம் சுண்டிப்போயிற்று. ஆக்சில் பேரிங் போச்சு என்றார். தோப்பும்படியில் உன்கூடப் படித்த கிருஷ்ணபிரசாத்தின் ஒர்க்‌ஷாப் இருக்கிறதே என்றேன். அவன் சாயங்காலமே அனீஸைக் கூப்பிடுவான், அனீஸ் நிகிலைக் கூப்பிடுவான், நாமே பண்ணுவோம் என்றார். கையில் இருந்தது ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பானர் செட், ஒரு சுத்தியல், அவர் பிடிவாதம்.

சக்கரத்தின் டிரம்மைக் கழற்றித் திருப்பி மாட்டி, நட்டைத் தளர்வாக விட்டு வெடுக்கென்று இழுத்தால் ஆக்சில் கம்பி வெளியே வந்துவிடும் என்று போனில் பார்த்திருக்கிறார். வந்தது, கூடவே அவரும் வந்து என் கறிவேப்பிலைச் செடி மேல் உட்கார்ந்தார். பழைய பேரிங்கை உளி வைத்து அடித்து எடுத்தோம். புதியதை ஏற்றுவதற்குக் கம்பி சுருங்க வேண்டுமாம், பேரிங் விரிய வேண்டுமாம், அதற்கு ஒர்க்‌ஷாப்பில் அழுத்தி ஏற்றுகிற பிரஸ் இருக்கும். இங்கே ஹார்பரிலிருந்து மீன்பெட்டியில் ஐஸ் வந்தது, கம்பியை அதில் புதைத்தோம், தெருவில் இருக்கிற பூனை எல்லாம் வந்து காவல் இருந்தது. பேரிங்கை என் பழம்பொரிச் சட்டியில் எண்ணெய் ஊற்றிப் போட்டார். எவ்வளவு சூடு வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை, நான்தான் மாவைக் கிள்ளிப் போட்டு, அது சோம்பேறித்தனமாக மேலே வருகிற பதத்தில் எடுக்கச் சொன்னேன். பிஸ்மி சொல்லி இடுக்கியால் தூக்கி வைத்தார், வளையல் மாதிரி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

சாயா போட அடுக்களைக்குப் போனால், பாத்திரக் கூடையில் நம் சோற்றுத் தட்டுகளுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக ஓர் இரும்புத் தட்டு. பேரிங்குக்கு முன்னால் கம்பியில் ஏற வேண்டிய தட்டு அது. பேரிங்கோ அதற்குள் ஆறி இறுகிவிட்டது, இனி உடைத்தால்தான் வரும். எடீ, சோத்துத் தட்டும் வண்டித் தட்டும் உனக்கு ஒண்ணா என்று கத்தினார். நானும் விடவில்லை, கிரீஸ் பிசுக்காக இருக்கே, இதையும் சோப்புப் போட்டுக் கழுவட்டுமா, இப்ப வேணுமா என்று இரண்டு தடவை கேட்டேன், நீங்கதான் ஆங் ஆங் என்றீர்கள் என்றேன். ஆங் என்பதுதான் அவர் இப்போது எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில், உனக்கே தெரியும். ஒரு நிமிஷம் என் வாயையே பார்த்தார், பிறகு நீ கேட்டது எனக்குக் கேக்கல லதீஃபா என்றார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து அது வந்ததில்லை. என் நாக்கு நுனியில் நல்ல பதில் ஒன்று இருந்தது, விழுங்கிவிட்டேன்.

பின்வீட்டு வீரலட்சுமி டைல்ஸ் அறுக்கிற கட்டரைக் கொடுத்தாள், சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். புதுப் பேரிங்கை அறுத்து எறிந்துவிட்டு, பள்ளுருத்திக்குப் போய் இன்னொன்று வாங்கிவந்து, மறுபடி ஐஸ், மறுபடி சட்டி. இந்த முறை தட்டு முதலில் ஏறியது. எல்லாம் பூட்டி ஒரு சுற்றுப் போய்வந்து, சத்தம் போச்சா என்று கேட்டார். போச்சு என்றேன். நீ பொய் சொல்றியா நிஜம் சொல்றியான்னு எனக்கு எப்படித் தெரியும் என்றவர், உள்ளே போய் அலமாரியைத் திறந்து மிஷினைக் காதில் வைத்துக்கொண்டு வந்தார். ஹார்பர் பாலம் வரை போனோம். பாதி வழியில் ஓரம்கட்டி நிறுத்தி, டிக் டிக்குன்னு புதுசா ஏதோ போயிருக்கு என்று பதறினார். அது இண்டிகேட்டர். எத்தனை வருஷமாக அது அவருக்குக் கேட்கவில்லையோ.

மறுநாள் நானே பிடிவாதமாக கிருஷ்ணபிரசாத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, குழப்பமில்ல, ஒரு கோளாறும் இல்ல அம்மா, நல்லா இருக்கு என்றான். மிஷின் அன்றிலிருந்து அவர் காதில்தான் இருக்கிறது. ஆகையால் வேன் இல்லையென்று நிகிலிடம் சொல்லிவிடு, நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன், என் பாஷையில் சொல்வேன்.

உனக்கும் உன் வீட்டுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், நிஸாவுக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு முத்தம். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. முக்கியமாக ஒன்று, இனி போனில் என்னிடம் உன் அத்தாவைப் பற்றி எதுவும் கேட்காதே. முன்பெல்லாம் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உன்னிடம் குறை சொல்வேன், அவர் சாயா குடித்துக்கொண்டு தலையாட்டுவார். இப்போது எல்லாம் கேட்கிறது. இனி எனக்குக் கடிதம்தான் கதி.

உன் அம்மா,
லதீஃபா ரஷீது