நீல நூல் கட்டிய சணல்

ஹார்லன் படித்துறை, மிசௌரி
1855 மார்ச் 27

என் ஓர்ஃபாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்குக்கூட. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உங்கள் பக்கம் போகும் தபாலை இங்கே பிரித்துப் பார்க்கிறார்கள். அதனால் ஓடக்காரரின் மனைவி கோபிள் அம்மாளிடம் வெண்ணெய்க் கூடையின் அடியில் வைத்துக் கொடுக்கிறேன். உனக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் அப்பா என் படிப்பை நிறுத்திவிடுவார். எல்லோரும் தூங்கட்டும் என்று காத்திருந்து, அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன குளிர்காலம் ஆற்றைக் கடக்கக் காத்திருந்து நீங்கள் எங்கள் ஊரில் தங்கினீர்களே, அப்போது பள்ளிக்கூடத்தில் நாம் சேர்ந்து உட்கார்ந்த பெஞ்சில் இப்போது நான் மட்டும்தான். இந்தியானாக்காரி நீ எழுந்துபோன இடம், கொஞ்ச நாள் காற்றாடட்டும் என்று மற்றவர்கள் கேலி செய்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை உங்கள் கான்சாஸில் சட்டசபைக்கு ஓட்டு. அதைப் போட எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் துப்பாக்கியும் விஸ்கியுமாக ஆற்றைக் கடக்கிறார்கள். நாம் அங்கே குடியிருக்கவில்லையே என்று அப்பாவிடம் கேட்டேன்.

"போன வருஷமே ஓடையோரம் நாலு மரத்துண்டைச் சதுரமாப் போட்டுட்டு வந்தேன்ல? அதுதாம்மா வீடு. கூரை அப்புறம் வரும். அந்த மண்ணுல அடிமை கூடாதுன்னு உன் சிநேகிதியோட அப்பன் சட்டம் போட்டா, நாளைக்கு நம்ம கெசையா ஆத்தைத் தாண்டினாப் போதும், நமக்கில்ல."

எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள, சட்டைப் பொத்தான் துளையில் ஒரு சணல் கொத்தைச் செருகிக்கொண்டு போகிறார்கள். அதைக் கட்டும் வேலை எனக்கு. வெள்ளை நூல் தீர்ந்து, நீல நூலால் கட்டினேன். சணலைச் சீவிக் கொடுத்தது கெசையா. எங்கள் அடுப்படியில் அவளைப் பார்த்திருக்கிறாய். அவள் மகள் டெம்பிக்கு இப்போது ஐந்து வயது. தினமும் விடியற்காலையில் சுள்ளி எடுத்துவந்து, என் கதவின் அடியில் கோழி கொத்துவதுபோலத் தட்டுவாள்.

"எங்களைக் கட்டிவைக்க ஓட்டுப் போடப் போறவங்களுக்கு நாங்களே பூச்சூட்டி அனுப்பறோம், சின்னம்மா" என்றாள் கெசையா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உங்கள் ஓடைப் பக்கம்தான் கூடாரம் போடப் போகிறார்களாம். உன் அப்பாவை அன்று வெளியே விடாதே.

உன் வின்னி


வால்நட் ஓடை, கான்சாஸ்
ஏப்ரல் 9

வின்னி,

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். கோபம் தணியட்டும் என்று இருந்ததில் பதில் தாமதமாகிவிட்டது.

அப்பா கேட்கவில்லை, போனார். ஓட்டுச்சாவடி ஜன்னலில் ஒருவன் "உன் சட்டையில சணல் எங்கடா?" என்று கேட்டுத் தள்ளிவிட்டான். கை கிழிந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். ஓட்டுப் போடவில்லை.

உன் அப்பா எங்கள் கிணற்றடிக்கு வந்தார். "எங்க வின்னியோட பெஞ்சுக்காரிதானே நீ?" என்று அன்பாகத்தான் கேட்டார். மோர் கேட்டார். அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். மீசையைத் துடைத்துக்கொண்டு தொப்பியை எடுத்து வணங்கிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கிணற்றடியில் ஒரு சணல் கொத்து கிடந்தது. நீல நூல். என் சடைக்கு நீ போடுவாயே, அதே இரட்டை முடிச்சு. எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன்.

இப்போது அப்பா தினமும் சாப்பாட்டு ஜெபத்தில் ஒன்று சேர்த்துக்கொள்கிறார்: "இந்த மண்ணுல ஒரு அடிமையும் கால் வைக்கக் கூடாது, ஆண்டவரே." நாங்கள் ஆமென் சொல்கிறோம். எனக்கு அவரை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. உனக்கு உன் அப்பாவை நினைத்தால் எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன்.

ஓர்ஃபா


ஹார்லன் படித்துறை
அக்டோபர் 14

அன்புள்ள ஓர்ஃபா,

கேட்காமல் விட்டதற்கு நன்றி.

அந்த நாலு மரத்துண்டின் மேல் அப்பா உண்மையாகவே குடிசை போட்டுவிட்டார். ஓட்டு ஜெயித்தால் போதாதாம். அடிமை அங்கே குடியிருந்தால்தான் அது அடிமை மண்ணாம். கெசையாவை அங்கே சமைக்க அனுப்பிவிட்டார். டெம்பியை மட்டும் இங்கேயே வைத்துக்கொண்டார். "குட்டி இங்க இருந்தா தாய் எங்க போயிடும்?" என்று சித்தப்பாவிடம் சொன்னார். நம் முகத்தைப் பார்த்து மோர் கேட்கும் அதே குரலில்.

போன வாரம் மாவு எடுத்துப்போக வந்த கெசையாவிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டேன். புது வருஷத்தில் அத்தை மகள் கல்யாணத்துக்கு டெம்பியைச் சீராகக் கொடுக்கப் போகிறார்கள். லெக்சிங்டனுக்கு. கெசையா மாவு மூட்டையின் வாயைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

டிசம்பரில் பன்றி அறுப்புக்கு அவளை இங்கே கூட்டிவருவார்கள். ஆறு உறைந்திருக்கும். டெம்பியைத் தூக்கிக்கொண்டு நடந்தே தாண்டிவிடுவாள். அங்கிருந்து அயோவாவுக்குக் கூட்டிப்போக ஆட்கள் இருக்கிறார்களாம். அவர்கள் வரும்வரை உங்கள் கரையில் ஒரு பகல் ஒளிந்திருக்க இடம் வேண்டும். உங்கள் வீட்டைச் சொன்னேன். உன் அப்பாவின் ஜெபத்தையும் சொன்னேன்.

அதற்கு அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "அந்த ஐயா அடிமைத்தனம் வேண்டாங்கறாரா, இல்ல நாங்களே வேண்டாங்கறாரா? அதைக் கேட்டு எழுதச் சொல்லுங்க, சின்னம்மா."

கேட்டு எழுது. கட்டாயம் கேள்.

உன் வின்னி


வால்நட் ஓடை
நவம்பர் 20

அன்பு வின்னி,

அப்பா வீட்டில் இருப்பதே இல்லை. நமக்கென்று தனிச் சட்டம் எழுதுகிறோம் என்று கூட்டம் கூட்டமாகப் போய்வருகிறார். நேராகக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் ஜெபம் மாறவில்லை. பிறகு என்ன கேட்பது? வரச் சொல்.

மக்காச்சோளப் பரணுக்குப் பின்னால் இடம் இருக்கிறது. உன் சணல் கொத்தை இதோடு அனுப்புகிறேன். அதை அவள் என் ஜன்னலில் காட்டினால் போதும், நான் இறங்கி வருவேன்.

கெசையா கேட்டது எனக்குச் சரியாகப் புரியவில்லை. இரண்டும் ஒன்றுதானே?

ஓர்ஃபா


வால்நட் ஓடை
டிசம்பர் 22

வின்னி,

வந்தாள். ஜன்னலுக்கு வருவதற்குள் நாய் குரைத்து, அப்பா கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அம்மா சூடாகக் கூழ் கொடுத்தாள். டெம்பியின் கால் நீலம் பாரித்திருந்தது, என் போர்வையைச் சுற்றிவிட்டார்கள். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? பிறகு அப்பா வண்டி பூட்டப் போனார். அயோவாவுக்கா என்று அம்மா கேட்டாள்.

"ஆத்தங்கரைக்கு. இவங்க எசமான் பிராதர்கிட்ட ஒப்படைக்கப் போறேன்."

அம்மா அவரையே பார்த்தாள். "போன சனிக்கிழமை நம்ம சட்டத்துக்கு ஓட்டுப் பெட்டியில ரெண்டு சீட்டுப் போட்டேன்" என்றார். "ஒண்ணு, இங்க அடிமை வேண்டாம். இன்னொண்ணு, இங்க கறுப்பரே வேண்டாம். ரெண்டும் ஜெயிச்சாச்சு. இதுங்க ஒண்ணு ஒண்ணா வந்து குடியேறினா நம்ம பசங்களை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? இவங்களை ஒளிச்சு வெச்சிருக்கேன்னு தெரிஞ்சா வைக்கோல்போர் மிஞ்சுமா?"

நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கெசையா அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்தாள். "கேட்டு எழுதச் சொன்னேனே" என்றாள்.

பிடித்துக் கொடுத்ததற்கான சன்மானத்தை அப்பா வாங்கவில்லையாம். அம்மா அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். சணல் கொத்து அவள் கையில் இருந்தது, அப்பா பிடுங்கிக்கொண்டார்.

ஓர்ஃபா


ஹார்லன் படித்துறை
டிசம்பர் 23

ஓர்ஃபா,

இதையும் யாருக்கும் காட்டாதே. இதை அனுப்புவேனா என்றே தெரியவில்லை. கோபிள் அம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

உன் அப்பா எங்கள் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பன்றித் தொடை, ரொட்டி, பீச் பிராந்தி. இரண்டு கோட்டும் ஒரே ஆணியில் தொங்கின. உங்கள் பக்கம் எத்தனை துப்பாக்கி வந்திருக்கிறது என்று அப்பா விசாரித்தார். "உங்களுக்குப் போதும்" என்றார் உன் அப்பா. இருவரும் சிரித்தார்கள். வசந்தம் வந்தால் இவரை அவரோ அவரை இவரோ சுடத்தான் போகிறார்கள், அது இருவருக்கும் தெரியும். கெசையா விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் சண்டையே இல்லை.

கிளம்பும்போது சணலை எடுத்து மேஜை விரிப்பில் வைத்தார். "இது உங்க வீட்டு முடிச்சுன்னு நெனைக்கிறேன்."

அப்பா நீல நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெண்ணெய்த் தட்டை என் பக்கம் நகர்த்தினார். இன்று காலை அந்தச் சணல் என் தட்டுக்கு அடியில் இருந்தது.

கெசையாவை இறைச்சிக்குப் புகைபோடும் கொட்டகையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். விடிந்ததும் வியாபாரி வருகிறான். டெக்சாஸுக்காம். டெம்பி லெக்சிங்டனுக்கு. அடுப்படித் தரையில் தன் அம்மாவின் தலைத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள்.

கொட்டகைச் சாவி என்னிடம் இருக்கிறது. எல்லோரும் சாப்பிடும்போது ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். இந்த முறை உங்கள் வீட்டுப் பக்கம் போகாமல், பனியிலேயே கரையோரமாக வடக்கே போகச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீடு தூங்கட்டும் என்று இருந்தேன். தூங்கிவிட்டது. நாய் அடங்கட்டும் என்று இருந்தேன். அடங்கிவிட்டது. ஜன்னலில் கொட்டகை தெரிகிறது. நான் போகவில்லை. பேனாவை எடுத்து உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் படித்து உன்மேல் காறித் துப்ப நினைத்தேன், ஓர்ஃபா. நான் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் காகிதத்தை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும். கேட்கத்தான் இல்லை. அவர் கேட்கும்போது நான் என்ன

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். சாவியை எங்கே ஒளிப்பது?

இல்லை. அப்பா தட்டமாட்டார், தள்ளிக்கொண்டு வருவார். சத்தம் கதவின் அடியிலிருந்து வருகிறது. கோழி கொத்துவதுபோல. விடிய இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது, சுள்ளி கொண்டுவரும் நேரமில்லை. டெம்பி மறுபடியும் தட்டுகிறாள். ஓர்ஃபா, நான்