ஒரே மூச்சில் வாங்கிய ஏச்சு

ஐப்பசி, வியாழக்கிழமை ராத்திரி.

எனக்கு எழுத்து தெரியாது. போன்ல பேசுனா அதுவே எழுதிக்குது.

என்ற சம்சாரம் ராசாமணிக்கு இருதயத்தைச் சுத்தியிருக்கிற சவ்வுல கேன்சர். ஆறு மாசமா நாலு வார்த்தை பேசுனா மூச்சுக்கு நிப்பா. மருந்து கேக்குது, அந்தச் சவ்வுல தண்ணி மறுபடி சேரலைன்னு டாக்டரு இன்னைக்கு ஸ்கேனைக் காட்டுனாரு. அதைப் பாத்து எனக்கென்ன தெரியும்?

திரும்பி வாரப்ப சோறு கொண்டுபோன தூக்குப்போசியை பஸ்ஸுலயே உட்டுப்போட்டேன். ஊடு வந்ததும் புடிச்சுக்கிட்டா.

"ஏனுங்க, கண்ணாலத்தன்னைக்கே மோதரத்தைத் தொலைச்சவங்கதானுங்களே நீங்க? காங்கேயத்துல குடை, வெள்ளகோவில்ல செருப்பு, இன்னைக்கு என்ற தூக்குப்போசியுங்களா?"

மூச்சுக்கு எங்கயும் நிக்கலை. நெஞ்சுல கை வெக்கலை. நான் தலையைக் குனிஞ்சு சிரிப்பை அடக்கிக்கிட்டேன்.

ஆனைமலைக் கோயில்ல சின்ன மகளையே மறந்துட்டு வந்ததை மட்டும் சொல்லாம உட்டுட்டா. நானும் ஞாபகப்படுத்தலை. நாளைக்குச் சொல்லிக்கட்டும், அதுதான் மூச்சு இருக்குதே.