கல்லில் ஏற இருந்த ஐந்து நிமிடம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே நான் சுகம், அம்மாவும் சுகம். அவள் முழங்கால் மட்டும் தன் குறைகளைத் தனிக் கடிதமாக எழுதச் சொல்கிறது. குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நம் பேட்டையின் பழைய இடங்களுக்கெல்லாம் நகராட்சி வரலாற்றுக் கல் பதிக்கிறது. ஆலை வாசல், மணிக்கூண்டு, வரிசை வீடுகள், குழாயடி கூட விடவில்லை. பழைய பத்திரிகைக்காரன் என்று வாசகங்களைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார்கள். ஆலை வாசல் கல்லில், பாய்லர் வெடித்த நாளில் அதன் பணியாளர் ‘நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே வெளியேறினார்’ என்று இருந்தது. முப்பத்தொரு வருடத்துக்கு முன் நான் எழுதிய செய்தியின் அதே வரி. அவரை உனக்குத் தெரியும், உன்னோடு படித்த தையற்காரியின் அப்பா. தெருவே ‘அஞ்சு நிமிஷம்’ என்று கூப்பிட்ட மனிதர்.

அந்த வரி தப்பு. அன்று நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவர் ஆலை வாசலைத் தாண்டி வெளியே வருவதைப் பார்த்தேன். மணிக்கூண்டு ஐந்து ஐம்பத்தைந்து காட்டியது. சற்று நேரத்தில் பாய்லர் வெடித்து இரண்டு பேருக்குக் காயம். நான் பேட்டைக்குப் புதிது. பெரிய முள்ளில் புறாக்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தக் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கியே ஓடும் என்பதும், இங்கே ஆலைச் சங்குதான் நேரம் என்பதும் எனக்குத் தெரியாது. அவர் ஆறு மணிச் சங்குக்குப் பிறகு, அடுத்த ஷிப்ட் ஆளிடம் பாய்லரை ஒப்படைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஆலை விசாரணை அவரைக் குற்றமில்லை என்று விட்டது, தெரு விடவில்லை. அச்சில் வந்ததை நம்பினார்கள். நேரத்தை நான் எங்கே பார்த்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் நாம் இங்கே குடிவந்ததும் கடிகாரத்தின் லட்சணம் ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. பழைய செய்திக்கு எவன் திருத்தம் போடுவான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் அந்தத் தையற்காரியின் கடைக்குப் போய்ச் சொன்னேன். மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். பிறகு, “எழுதினது நீங்கதான்னு அப்பாவுக்குத் தெரியும் மாமா. போய்க் கேளுங்கன்னு அம்மா சண்டை போடும். ‘பேப்பர்காரர், தெரிஞ்சா அவரே திருத்துவாரு’ம்பார். சாகிற வரைக்கும் உங்க பேப்பரைத்தான் வாங்கினார்” என்றாள். “உக்காருங்க, நின்னுட்டே இருந்தா மட்டும் சரியாயிடுமா” என்று அவளே ஸ்டூலைத் தள்ளிவிட்டாள்.

நகராட்சி அதிகாரி ஆதாரம் கேட்டார். ஆலையின் பதிவேடுகள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. பார்த்தவனும் நான், தவறாக எழுதியவனும் நான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வரியை மாற்றிவிட்டார்கள். பத்திரிகையிலும் திருத்தம் கேட்டேன், இப்போதைய ஆசிரியர், “முப்பத்தொரு வருஷம் கழிச்சா சார்?” என்று சிரித்தார், ஆனாலும் வியாழக்கிழமை போட்டார். ஒரு பிரதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவள் காலையிலேயே வாங்கி, தன் அப்பா படத்துக்குக் கீழே மடித்து வைத்திருந்தாள்.

பள்ளி நாளில் நீயும் அவளை ‘அஞ்சு நிமிஷம் பொண்ணு’ என்று கூப்பிட்டிருக்கிறாய். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன், அதனால் பாதிப் பழி என்னுடையது. அவள் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், மறக்காமல் பேசு. என்னைப் போல நாளைக் கடத்தாதே.

மூவரும் குறைவில்லாமல் இருங்கள். பிள்ளைக்கு அம்மாவின் முத்தம்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா