சூட்டில் விட்டுவிடும் என்றாயே, அக்கா

அன்பிலும் குட்டிலும் எனக்கு ஒருநாளும் குறை வைக்காத ஸ்டெல்லா அக்காவுக்கு,

சகலருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: தோ பாயோ ஏழாம் மாடி, நம் வீட்டு ஃபிரிட்ஜில் வசித்துவந்த ஐஸ் தட்டுகள் இரண்டும் சென்ற ஜூலையில் நாடு கடத்தப்பட்டன. ஒன்றில் அம்மாவின் சட்டைப் பொத்தான்கள் குடியேறிவிட்டன. இன்னொன்றில் நான் பச்சைப்பயறு முளைக்கப் போட்டேன். முளைக்கவில்லை, நாறியது. மற்றபடி நாட்டில் அமைதி நிலவுகிறது.

அமைதி என்று சொன்னது பொய். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே எம்.ஆர்.டி. ரயிலுக்காக இன்னும் தோண்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். வீட்டுக்குள்ளே அம்மா.

அம்மா இப்போது குளிர்ந்த எதையும் தொடுவதில்லை. குழாய்த் தண்ணீரைக்கூடக் காயவைத்துத்தான் கை கழுவுகிறாள். நேற்றும் சோறு போடும்போது கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"நான்தான்டா ஈரத்துணி போடச் சொன்னேன். அரை மணிக்கு ஒரு தரம் மாத்துன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். நீயும் சொன்னபடியே செஞ்சே. குளிர்ச்சி அப்படியே நெஞ்சுக்குள்ள எறங்கிடுச்சு. நானே என் புள்ளைய..."

"அம்மா, அது வைரஸ்மா. டாக்டர் சொன்னாருல்ல."

"வைரஸ் எல்லாருக்கும்தான் வருது. எல்லாரும் போயிடறாங்களா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல, நீயே சொல். நீ வைரஸ் லேபில் வேலை பார்த்தவள். நான் வைரஸ் என்றால் வைரத்துக்குத் தம்பி என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

ஆனால் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு, இல்லையா? நீ மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க உன் லேபுக்கு வந்தேனே, அந்த நாள். வழியில் வாங்கிய பண்டோங் சர்பத், பிளாஸ்டிக் பையில் ரோஸ் நிறத்தில் தளதளவென்று கையில். நீ பக்கத்து அறையில். ஃபிரிட்ஜைத் திறந்தால் இடமில்லை. குட்டிக்குட்டிக் குழிகளாக ஒரு தட்டு படுத்துக்கிடந்தது. அதைத் தூக்கிப் பக்கத்திலிருந்த சூடான பெட்டியின் மேல் வைத்தேன். பண்டோங் உள்ளே போனது.

ஒரு மணி நேரம் கழித்து நீ வந்து தட்டைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கு!

"டேய் வின்சென்ட், இத யாரு வெளிய எடுத்தது?"

"தானா நடந்து வந்துச்சு."

குட்டினாய். பிறகு சிரித்துவிட்டாய். குழிகளில் இருப்பது கோழி ரத்தம் என்றும், வைரஸ் இருந்தால் ரத்த அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக் குழி முழுக்கப் பாய் விரித்தாற்போலப் பரப்பிவைக்கும் என்றும், இல்லாவிட்டால் அணுக்கள் எல்லாம் அடியில் சரிந்து பொட்டு வைத்தாற்போல நிற்கும் என்றும் சொன்னாய். காலையில் வரிசை வரிசையாகப் பாய். இப்போது எல்லாம் பொட்டு.

"வைரஸ் செத்துப்போச்சாக்கா?"

"சாகலடா. குளிர்ல கெட்டியா புடிச்சிக்கும். சூடானா தானே அறுத்துக்கிட்டு விட்டுடும். அதுக்குத்தான் ஃபிரிட்ஜு. உன் பண்டோங்குக்கு இல்ல."

ஒரு நாள் வேலை முழுக்கத் திரும்பச் செய்தாய். நானோ பள்ளியில் போய், வைரஸின் பிடியைத் தளர்த்திய வீரன் நான்தான் என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஜூன் விடுமுறையில் உனக்குக் காய்ச்சல். எனக்குச் சுரம் என்றால் சரிகமபதநி, உனக்குச் சுரம் என்றால் தெர்மாமீட்டர் என்று கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

அப்பா விடிந்ததும் தஞ்சோங் பகாருக்கு வேலைக்குப் போய்விடுவார். அம்மா உன் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டுப் தொழிற்சாலைக் கேண்டீனுக்கு வேலைக்கு ஓடுவாள். அதன்பிறகு டாக்டரும் நான், நர்ஸும் நான், வாசலில் நம்பர் சீட்டு கொடுப்பவனும் நானே. மூன்று நாள், கடிகாரத்தைப் பார்த்து அரை மணிக்கு ஒரு தரம் துணி மாற்றினேன் என்று அடக்கத்தன்று வந்தவர் அத்தனை பேரிடமும் சொன்னேன். ஃபாதர் என் தோளைத் தட்டி, தம்பி என்றால் இவனல்லவா தம்பி என்றார். நான்காம் நாள் ஆம்புலன்ஸ் வந்ததும், ஆறாம் நாள் டாக்டர் நுரையீரல் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியதும் உனக்குத் தெரியும். தெரியுமா? தெரியவில்லை.

எனக்குக் குழப்பமாக இருக்கிறது அக்கா. குளிரில் பிடித்துக்கொள்ளும், சூட்டில் விட்டுவிடும் என்றால், உனக்கு அடித்த காய்ச்சலுக்கு அது உன்னை விட்டு ஓடியிருக்க வேண்டாமா? அவ்வளவு சூட்டிலும் ஏன் விடவில்லை?

முப்பதாம் நாள் பூசைக்கு உன் லேபிலிருந்து சிவகாமி அக்கா வந்திருந்தார். கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"சூட்டுல விட்டுடும்னு அக்கா சொன்னாங்களே?"

"பிளேட்ல விடும்டா. கோழி ரத்த அணு எதையும் உள்ள இழுக்காது, சும்மா உக்காந்திருக்கும். தொண்டையில இருக்கற செல் அப்படி இல்ல. குளிர்ல வைரஸ் வெளிய ஒட்டிக்கிட்டு நிக்கும். சூடு வந்தா செல்லே அத உள்ள இழுத்துக்கும். உள்ள போனப்புறம் எங்க விடறது?"

"அப்போ சூடு நல்லதா, கெட்டதா?"

"ரெண்டும்லா."

"ரெண்டும்னா எப்படிக்கா?"

"என்னைக் கேட்டா? மூக்குல ஒரு சூடு, நெஞ்சுல ஒரு சூடு, ஒவ்வொரு வைரஸுக்கும் ஒவ்வொரு குணம். படிச்சவங்களே இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க."

"சரி, அம்மா போட்ட ஈரத்துணி?"

"நெத்தியில போட்ட துணி நுரையீரலுக்கா போவும்? அம்மாகிட்ட போய்ச் சொல்லுடா." சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. அதைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். பாய், பொட்டு, கோழி, தொண்டை எல்லாம் கை ஆட்டிச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "நீ எனக்காகச் சொல்றடா" என்றாள். அன்றைக்குத்தான் ஐஸ் தட்டுகள் வெளியே வந்தன.

நவம்பர், ஆன்மாக்கள் மாதம் என்பதால் நம் கோயில் பங்குப் பத்திரிகையில் இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்கிறார்கள். கோமாளி நீ, நன்றாக எழுதுவாய் என்றார்கள். அடுத்த ஞாயிறு அச்சாகி வரும். அம்மா அதை ஒரு வரி விடாமல், விளம்பரம்கூட விடாமல் படிப்பாள். தெரிந்துதான் இதைக் கொடுக்கிறேன்.

நான் துணி மாற்றவில்லை அக்கா. ஒரு தரம்கூட இல்லை.

அம்மா படியிறங்கியதும் துணியை எடுத்து வாளியில் போட்டுவிடுவேன். ஃபேனை நிறுத்துவேன், ஜன்னலைச் சாத்துவேன், வீட்டிலிருந்த மூன்று போர்வையையும் உன்மேல் போடுவேன். "வேர்க்குதுடா, எடுடா" என்றாய். "இன்னும் கொஞ்ச நேரம்கா, விட்டுடும்" என்றேன். அம்மா வரும் நேரத்துக்கு எல்லாவற்றையும் மடித்துவைத்துவிட்டு, துணியை நனைத்துத் திரும்ப உன் நெற்றியில் போட்டுவிடுவேன். நான் பெருமையடித்த ஒவ்வொரு தரமும் அம்மா தன்மேல் ஒரு கல்லை ஏற்றிக்கொண்டாள். அது தெரிந்தும், ஃபாதர் தோளைத் தட்டியது நன்றாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் போர்வைகள் உன்னை என்ன செய்தன? ஒன்றும் செய்யவில்லையா? சிவகாமி அக்காவிடம் கேட்க முடியாத கேள்வி அதுதான். அவருக்கும் தெரியாதென்றுதான் நினைக்கிறேன். அம்மா போட்ட துணி உன்மேல் இருக்கவே இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பத்திரிகை வருவதற்குமுன், சனிக்கிழமை அம்மா கேண்டீனிலிருந்து வந்து உட்கார்ந்ததும், அவள் முகத்தைப் பார்த்தே இதைச் சொல்லிவிடுவேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். அடிக்காவிட்டால் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

துணி மாற்றியதாக இனி யாரிடமும் சொல்லிக்கொள்ளாத,
உன் தம்பி
வின்சென்ட்